மதிலில் போய் நின்ற லொறி

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வந்து சலாம் சொல்ல எங்களூரில் பெண்களுக்கு வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தெருப்பக்கத்து மதில் இப்போது இல்லை. மேசன் வேண்டாம் என்று அடம்பிடித்து நீங்களே கட்டி, கியாமத்து நாள் வரைக்கும் நிற்கும் என்றீர்களே, அதே மதில்தான். உங்கள் லொறி வரும் வரைக்கும் நின்றது.

யார் இடித்தது என்று கேட்பீர்கள். என் கூடப்பிறந்த காக்காதான். கராஜுக்குக் கொடுக்காமல், போனில் வீடியோ பார்த்து, முன் சில்லு இரண்டுக்கும் பிரேக் சாமானைத் தானே மாற்றிப் பூட்டினார். பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் பண்ணினார். மிதித்த பெடல் அடிவரைக்கும் போனது, லொறியும் போனது. ஆளுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மதில்தான் மௌத்து.

உங்கள் தம்பி சபீக் பக்கத்தில்தான் நின்றான். வாய் திறக்கவில்லை. உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய சாப்பாட்டில் இரண்டு பேரும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். லொறியை விற்கவேண்டும் என்றார் காக்கா. விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சபீக் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய்விட்டான். சஹனில் சோறிருக்க எழும்புவது இங்கே எவ்வளவு பெரிய விஷயம்! அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. விற்பதற்கும் பிரேக் வேண்டும், ஓடுவதற்கும் பிரேக் வேண்டும் என்பதால் மட்டும் ஒரே முற்றத்தில் நின்றார்கள்.

எனக்கு எது வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் நெல் ஏற்றி ஓடிய லொறி, அது வாசலில் நிற்கவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் அதை ஓட்டப்போவது சபீக். இன்னொரு மௌத்தைத் தாங்க என்னால் முடியாது. "இண்டைக்குள்ள பிரேக் சரிவராட்டி, பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருவன்" என்று நேற்றுக் காலையில் இருவருக்கும் சொல்லிவிட்டேன்.

பிரேக் ஒயில் ஓடும் பைப்புக்குள் காற்று நிற்கிறதாம். அதை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் கீழே நிப்பிளைத் தளர்த்திக் காற்றை விட்டு, திரும்ப இறுக்கவேண்டும். இறுக்கும் வரைக்கும் காலை எடுக்கக்கூடாது. காக்கா கீழே, சபீக் மேலே. நடுவில் யார்? உங்கள் பொஞ்சாதி.

"புள்ள, அவன மிதிக்கச் சொல்லு."

"சபீக், மிதிக்கட்டாம்."

"மதினி, மிதிச்சாச்செண்டு சொல்லுங்க."

"காக்கா, மிதிச்சாச்சாம்."

"கால எடுக்க வேணாமெண்டு சொல்லு!"

நான் சொல்வதற்கிடையில் அவன் எடுத்துவிடுவான். வெளியே போன காற்று திரும்ப உள்ளே. ஒரு போத்தல் பிரேக் ஒயில் முடிந்தது, எனக்குத் தொண்டையும் கட்டிவிட்டது. "நான் என்ன டெலிபோன் கம்பியா? அடுப்பில சோறு கொதிக்குது" என்று உள்ளே போய்விட்டேன்.

சோறு வடிக்கும்போது காக்காவின் அலறல் கேட்டது.

"டேய் சபீக், மிதிக்காதடா! மூஞ்செல்லாம் ஒயில்!"

"நீங்க ஒண்டும் சொல்லல்லியே, காக்கா!"

காக்கா துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு சபீக்கின் குரல் மெதுவாக வந்தது. "கோவிக்காதீங்க காக்கா. இடப்பக்கச் சாமான வலப்பக்கம் மாத்திப் பூட்டியிருக்கீங்க. நிப்பிள் ரெண்டும் கீழ பாத்துக் கிடக்கு. மேல நிக்கிற காத்து எப்பிடிக் கீழால போகும்?"

நான் அகப்பையோடு ஓடிவந்தேன். "இத எப்ப கண்ட நீ?"

"அவர் பூட்டக்குள்ளேயே கண்டன் மதினி."

"ஏன்டா சொல்லல்ல? மதிலே போயிட்டே!"

"நான்தான் அவரோட கதைக்கிறல்லியே."

அகப்பையை ஓங்கிவிட்டேன். லொறிக்குக் கீழேயிருந்து காக்கா சிரிக்கத் தொடங்கினார். சபீக்கும் சிரித்தான். நீங்கள் போனபிறகு நானும் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் மச்சான். சிரித்து முடிய அழுகையும் வந்தது.

சாமானைப் பக்கம் மாற்றினார்கள். மிதி, பிடி, விடு என்று நேருக்கு நேர் கத்தினார்கள். பெடல் கல்லாக நின்றது. பகலுக்கு ஒரே சஹனில் சோறு வைத்தேன். வேறு பீங்கான் இல்லை என்று பொய் சொன்னேன். ஒரு பருக்கை மிச்சமில்லை.

பின்னேரம் சபீக் சொறிக்கல்முனைப் பக்கம் மெல்ல ஓட்டிப் போனான். அவன் வரும் வரைக்கும் நான் ஓதிக்கொண்டே நின்றேன். வந்து, விழுந்து கிடந்த கல்லுக்கு முன்னால் அப்படியே நிறுத்தினான். பிரேக் பிடிக்கும்போது வரும் அந்தச் சின்னக் கீச்சுச் சத்தம், நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நான் அடுப்பு மூட்டுகிற சத்தம், அது மாறவேயில்லை. என் கை உங்கள் கோப்பையை எடுத்துவிட்டது. நீங்கள் குடிக்கிற அளவு சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றி நானே குடித்தேன்.

லொறியை விற்கமாட்டேன், மச்சான். காக்காவும் சரி என்றுவிட்டார். மதிலை மேசனை வைத்துக் கட்டுவிப்பேன், கோவிக்காதீர்கள். இந்த இரண்டு பேரும் கதையாமல் இருக்கிற நாளில் லொறித் திறப்பு என் இடுப்புச் சாவிக்கொத்தைவிட்டு இறங்காது. இது வாக்கு.

உங்கள் மாமி மகள்,
உங்கள் பொஞ்சாதி,
ஹாஜறா