நாலாவது ஜெராக்ஸ்

7 ஜூலை 2025, திங்கள்

கடை திறந்த கையோடு மெஷின் ஒரு காகிதத்தை மென்று துப்பியது. பட்டா மாற்றத்துக்கு வந்தவர், "இன்னாம்மா, எங்க நெலத்தயும் சேத்து முழுங்கிடுச்சா?" என்றார். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் கடை நடத்துகிறவளுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கம்மி.

அபிநயாவுக்கு மறுபடியும் வயிற்று வலி. எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து திங்கள்கிழமை தோறும் இதே கதை. திட்டித்தான் அனுப்பினேன். அய்யனார் விடியற்காலையிலேயே வண்டி எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குக் கிழங்கு ஏற்றப் போய்விட்டார். அங்கிருந்து போன் போட்டு, "புள்ளையத் திட்டாத" என்று என்னைத் திட்டினார். வீட்டுக்காரருக்கு மலையில் மட்டும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

9 ஜூலை, புதன்

கணக்கு நோட்டைப் பார்த்தேன். ஒரு மாதமாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கணக்கில் தொண்ணூறு வாங்குகிற பெண். ஏன் என்று கத்தினேன். கத்தினால் பதில் வருமா கலையரசி, என்று அப்புறம் என்னையே கேட்டுக்கொண்டேன்.

10 ஜூலை, வியாழன்

சொல்லிவிட்டாள்.

நான் யாருடைய சாதிச் சான்றிதழையோ லேமினேட் செய்துகொண்டிருந்தேன். என் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கணக்கு வாத்தியார். ஸ்பெஷல் கிளாஸ் என்று தனியாக இருக்கவைத்து, தொடக் கூடாத மாதிரி தொட்டிருக்கிறான். இரண்டு முறை. வெளியே சொன்னால் ஃபெயில் போடுவேன் என்றும் சொல்லியிருக்கிறான்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள்.

என் பிள்ளை எதற்கு என்னிடம் இப்படிச் சொல்ல வேண்டும்? திங்கள்கிழமை இவளைத் திட்டி அங்கேயே அனுப்பினேனே. என் வாயில் கொள்ளி வைக்க. இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியாது.

11 ஜூலை, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தாளாளர் கந்தசாமிக்கு ரைஸ் மில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் மூன்றும் உண்டு. மூன்று இடத்திலும் பேச்சு ஒன்றுதான். "ஒக்காரும்மா. மோர் சாப்புடறியா?" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு பெரிய ரெஜிஸ்டரில் தேதி, நேரம் எல்லாம் போட்டு எழுதிக்கொண்டார். "நம்ம ஸ்கூல்ல எதுவா இருந்தாலும் ரெக்கார்டு இருக்கும்" என்று அதில் ஒரு பெருமை வேறு. கடைசியில், "நான் விசாரிச்சிக்கிறேன். நீ வெளிய பேசிக்கினு இருக்காத. பொம்பளப் புள்ள விஷயம்" என்றார்.

வெளியே வரும்போது அவன் ஏழாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். நானும் பழக்கதோஷத்தில் திருப்பி வணக்கம் வைத்துத் தொலைத்தேன். சீ.

12 ஜூலை, சனி

அய்யனாருக்கு நேற்று இரவுதான் சொன்னேன். காலையில் எழுந்ததும் ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது.

"கொஞ்சம் தள்ளுடி" என்றார்.

"நீ கொல பண்ணப் போறதுக்கு நான் வண்டி தள்ளணுமா?"

இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

மத்தியானம் தியாகதுருகத்திலிருந்து அவருடைய அக்கா பெரியநாயகி அண்ணி வந்து இறங்கினார். வந்ததும் யோசனைகள். "ஸ்கூல மாத்திடு. இல்லன்னா அந்தாள கோயில்ல சூடம் அணைச்சி சத்தியம் பண்ணச் சொல்லு."

"பண்ணிட்டான்னா?"

"பண்ணிட்டான்னா வுட்டுட வேண்டியதுதான்."

"அப்பறம் எதுக்கு அண்ணி ஊருக்கு ஊரு கோர்ட்டு கட்டி வச்சிருக்கான்? ஆளுக்கொரு சூடம் டப்பா குடுத்துட்டுப் போயிடலாமே?"

அண்ணிக்குக் கோபம். இரண்டு மணி நேரம் பேசவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

13 ஜூலை, ஞாயிறு

நிச்சயதார்த்தத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். தாளாளர் முன்னே, ஊர்ப் பெரிய மனுஷர் இருவர் பின்னே. தட்டில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, ஒரு பட்டுப் பாவாடைத் துணி. முன்னறைதான் கடை என்பதால் மெஷினுக்கும் லேமினேட்டருக்கும் நடுவில்தான் பஞ்சாயத்து.

தாளாளர் உறையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். பள்ளிக்கூட லெட்டர்ஹெட். மேற்படி சம்பவம் 11.07.2025 அன்று நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்ததாம். மேற்படி ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்து எச்சரிக்கப்பட்டாராம். ஆகவே பெற்றோராகிய நாங்கள் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்ய மாட்டோமாம். கீழே தாளாளர் கையெழுத்து, பச்சை மையில். பக்கத்தில் ரவுண்டு சீல். ஒரு எழுத்துப் பிழை இல்லை. தொழில்காரி கண்ணுக்கு அது முதலில் பட்டுத் தொலைத்தது.

"ரெக்கார்டுக்கு மூணு காப்பி வேணும். ஒங்க கடையிலயே எடுத்துடும்மா. அப்பா கையெழுத்து போட்டாப் போதும்" என்றார்.

என்ன தைரியம் பாருங்கள். என் பிள்ளையின் வாயை அடைக்கிற காகிதத்துக்கு நானே ஜெராக்ஸ் எடுக்க வேண்டும்! எடுத்தேன். என் மெஷின் எப்போதும் ஒன்றை மென்றுவிடும். அதனால் மூன்று கேட்டால் நான்கு போடுவது என் வழக்கம். இன்றைக்கென்று அது எதையும் மெல்லவில்லை. மூன்றை நீட்டினேன். ஒன்று மெஷின் ட்ரேயிலேயே தங்கிவிட்டது.

அய்யனார் பேனாவைத் திறந்துவிட்டார். பெரிய மனுஷர்கள் சுற்றி உட்கார்ந்து, "புள்ள எதிர்காலம், புள்ள எதிர்காலம்" என்று சொல்லிச் சொல்லி மனுஷனைக் கரைத்துவிட்டார்கள்.

உள்ளேயிருந்து அபிநயா எட்டிப் பார்த்தாள். "அப்ப நாளைக்கு அவரு கிளாசுக்கு வருவாரா?"

தாளாளர் சிரித்த முகமாக, "வருவாரும்மா. வார்னிங் குடுத்தாச்சி" என்றார்.

அய்யனார் பேனாவை மூடினார். தட்டை எடுத்துத் தாளாளர் மடியிலேயே வைத்தார். "கெளம்புங்க" என்றார். அவ்வளவுதான். சாத்துக்குடி ஒன்று உருண்டு மெஷினுக்கு அடியில் போனது. அண்ணி அதை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "அவன் வூட்டுப் பொருளு நமக்கு இன்னாத்துக்கு?"

அண்ணியை இன்றைக்கு எனக்குப் பிடித்தது.

14 ஜூலை, திங்கள்

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். போன வருஷம் 'இலவச சட்ட உதவி' என்று ஐந்நூறு நோட்டீஸ் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஐந்நூறில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. மிஞ்சியதை வைத்து டோனர் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை கருப்பு மைக்கு நடுவில் போன் நம்பரைத் தேடி எடுத்தேன்.

போன் போட்டுவிட்டு நேரிலேயே போனேன். கள்ளக்குறிச்சியில் வக்கீல் விஜயலட்சுமி மேடம். என் வயதுதான் இருக்கும். நான் கேட்க நினைத்ததையெல்லாம் மூச்சு விடாமல் கேட்டேன். "பேரு பேப்பர்ல வந்துடுமா?"

"வரவே கூடாது. போட்டா போட்டவன் மேல கேஸ்."

"அவன் மொகத்த பாத்துக்கினு சாட்சி சொல்லணுமா?"

"வேணாம். நடுவுல தெர போடுவாங்க. அவங்க வக்கீலும் நேரா கேள்வி கேக்க முடியாது, ஜட்ஜ் மூலமாத்தான். வெளியாளுங்க யாரும் உள்ள இருக்க மாட்டாங்க."

"பீஸு?"

"எனக்கு அரசாங்கம் குடுக்கும். நீங்க குடுக்க வேணாம்."

"டி.சி. குடுக்காம இழுத்தடிச்சா?"

"கல்வி அதிகாரிக்கு ஒரு மனு, குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒரு மனு. கேஸ் முடியற வரைக்கும் பொண்ணுக்குத் தொணையா ஒருத்தரயும் குழு போட்டுக் குடுக்கும். எடக்கால நிவாரணமும் கேக்கலாம்."

"சமாதானமாப் போயிடுன்னு மறுபடியும் வந்தா?"

"கொழந்தைங்களப் பாதுகாக்கற இந்தச் சட்டத்துல சமாதானம்னு ஒண்ணு கெடயாதும்மா. நீங்களே கையெழுத்து போட்டிருந்தாலும் கேஸ நிறுத்த முடியாது."

அப்புறம் அந்த நாலாவது ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் தெரிந்த பள்ளிக்கூட நிர்வாகம் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டுமாம். சொல்லாமல் மறைத்தால் அவர்களுக்கும் ஜெயிலாம். "வழக்கமா எல்லாரும் எங்களுக்குத் தெரியவே தெரியாதும்பாங்க. நாங்க நிரூபிக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். இந்தப் புண்ணியவான் எனக்குத் தெரியும்னு தேதி போட்டு சீல் வச்சி வூடு தேடி வந்து குடுத்திருக்காரு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. நாலு நாளைக்கப்புறம்.

15 ஜூலை, செவ்வாய்

மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கப் புகார் எழுத உட்கார்ந்தேன். இந்தத் தாலுகாவில் பாதிப் பேருடைய மனுவை நான்தான் டைப் அடித்திருக்கிறேன். 'மேற்படி விலாசத்தில் வசிக்கும் நான்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இன்றைக்கு 'என் மகள்' என்பதற்கு மேல் கை ஓடவில்லை. மூன்று காகிதம் கிழித்தேன். முடிவில் விஜயலட்சுமி மேடம், "ஊட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொன்னீங்களோ அப்படியே எழுதுங்க" என்றார். எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கடைசியில் பழக்கத்தில் 'இப்படிக்கு தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். நான் யாருக்கும் கீழ்ப்படியவில்லை.

எஃப்.ஐ.ஆர். காப்பி கையில் கொடுத்தார்கள். காசு கிடையாது. அபிநயாவை அழைத்து வரத் தேவையில்லை, அவர்களே வீட்டுக்கு வருகிறார்களாம்.

16 ஜூலை, புதன்

எஸ்.ஐ. மேடம் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் உள்ளே எங்கள் பாப்பா அபிநயாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கடையில் அண்ணி. சுடிதார் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பேச்சும் கேட்டது.

"ஆதார் ஜெராக்ஸா? செத்த இரும்மா, தம்பி பொண்டாட்டி வந்துடுவா. இன்னிக்கி போலீசு வேற வரப்போவுது. மீசைய முறுக்கிக்கினு நாலு பேரு ஜீப்புல வந்து எறங்குவானுங்க. எங்க மானம் போவப்போவுது."

"அப்படியாம்மா?"

"பின்ன? அவனுங்களுக்கு இன்னா தெரியும், புள்ளைங்ககிட்ட பேசறதுக்கு? ஆமா, நீ இன்னா வேல பாக்கற?"

"எஸ்.ஐ.யா இருக்கேம்மா."

அண்ணி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இடது கையால்.

பிறகு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் மட்டும். மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா ஒரு மணி நேரம் பேசினாள். நடுவில் நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வாயை மூடவைத்த முதல் ஆள். எழுதியதை வாசித்துக் காட்டியபோது, "அது செவ்வாக்கெழம இல்ல, திங்கக்கெழம" என்று பாப்பா திருத்தினாள்.

முடிந்ததும் முட்டை பரோட்டா கேட்டாள். இரண்டு சாப்பிட்டாள்.

17 ஜூலை, வியாழன்

அரசு ஆஸ்பத்திரி. லேடி டாக்டர். நான் கூடவே இருந்தேன். ஒவ்வொன்றையும் பாப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் தூங்கிவிட்டாள்.

18 ஜூலை, வெள்ளி

அவனைக் கைது செய்துவிட்டார்கள். ரெஜிஸ்டரையும் எடுத்துப் போய்விட்டார்களாம்.

சாயங்காலம் தாளாளர் போன். குரலில் மோர் இல்லை. "ஏம்மா, போலீஸ்ல அந்த லெட்டரோட காப்பி வச்சிருக்காங்க. நான்தான் மூணயும் எண்ணி வாங்கினேனே?"

"எண்ணித்தான் வாங்கினீங்க சார். நம்ம கடையில ஒண்ணு ஜாஸ்தியாத்தான் போடுவோம். ரெக்கார்டுக்கு."

வைத்துவிட்டார்.

24 ஜூலை, வியாழன்

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். அய்யனார் கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றே வேர்த்து வழிந்தார்.

11 ஆகஸ்ட், திங்கள்

அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்தாயிற்று. டி.சி. ஒரே நாளில் வந்தது.

தெருவில் ரெண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. ஒருத்தி, "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்றாள். அவளுக்கு இனிமேல் கடன் ஜெராக்ஸ் கிடையாது. சின்னப் புத்திதான். இருக்கட்டும்.

3 செப்டம்பர், புதன்

தூக்கத்தில் கத்தினாள். பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கேஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேனா? நினைத்தேன்தான்.

9 டிசம்பர், செவ்வாய்

கோர்ட்டில் சாட்சி சொன்னாள். இதுவரை எழுதியதில் இதைத்தான் எழுதக் கை வரவில்லை. முழுசாகச் சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும், "ஜட்ஜம்மா எனக்கு சாக்லேட் குடுத்தாங்க. நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் கேட்டாள்.

7 பிப்ரவரி 2026, சனி

தீர்ப்பு இன்னும் வரவில்லை. தாளாளர் மேலும் கேஸ் நடக்கிறது.

காலையில் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு அம்மா வந்து இறங்கினார். பெயர் செல்லியம்மாள். கூட பதினைந்து வயதுப் பெண். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்தார். அப்புறம் ரேஷன் கார்டு. அப்புறம் மறுபடியும் ஆதார்.

"இப்பதான எடுத்தோம்?"

"இன்னொண்ணு இருக்கட்டும்" என்றார். போகவும் இல்லை. கூட்டம் குறைந்த பிறகு கிட்டே வந்தார். "கெழங்கு ஏத்த வர்ற அண்ணந்தான் ஒங்ககிட்ட போகச் சொன்னாரு. அந்த ஸ்கூல்லதான் எம் பொண்ணு ஏழாவது படிச்சா. அந்தாளுதான். ஊருக்குப் பயந்துக்கினு படிப்ப நிறுத்திப்புட்டேன். ரெண்டு வருசம் ஆவுது. இனிமே சொன்னா ஏத்துக்குவாங்களா?"

"ஏத்துக்குவாங்க. இதுக்குக் கெடு கெடயாது" என்றேன்.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னால அவ்வளவும் சொல்ல முடியாதும்மா" என்றது.

நான் பதில் யோசிப்பதற்குள், பெஞ்சில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அபிநயா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒரேடியா சொல்ல வேணாங்க்கா. நடுவுல நிறுத்தலாம். தண்ணி கேட்டா குடுப்பாங்க. நான் மூணு வாட்டி நிறுத்தினேன்."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சி. இப்பயும் கொஞ்சம் இருக்கு. ஒக்காருக்கா."

அந்தப் பெண் உட்கார்ந்தது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விஜயலட்சுமி மேடத்துக்குப் போன் போட்டேன்.