ஆண் மீனை எடுக்காதீர்கள்

காலை ஐந்தே கால். நீங்களும் மகளும் ஒரே மாதிரி வாயைத் திறந்து தூங்குகிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை.

மீன்பண்ணைப் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டேன். பத்து நாள். இதை முடித்தால்தான் குஞ்சு பொரிக்கும் பிரிவு என் பொறுப்புக்கு வரும். நேற்று அவ்வளவு சண்டை போட்ட பிறகும் என் முடிவு அதேதான்.

பால்மாவு மேல் தட்டில் இருக்கிறது. அவள் அழுதால் முதலில் துணி ஈரமா என்று பாருங்கள். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஜன்னலோரத் தொட்டியில் ஃபைட்டர் மீன் முட்டை விட்டிருக்கிறது. பெண் மீன் இரண்டு நாள், ஆண் நீர்மேல் குமிழி ஊதிக் கட்டிய நுரைக்கூட்டுக்கு அடியில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆண் சளைக்காமல் கூட்டைப் பெரிதாக்கியது. நேற்றுத்தான் அவளுக்கு மனசு வந்தது. அவளைப் பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன், அங்கேயே இருக்கட்டும். போன தடவை, “தாய்தானே, அது பாத்துக்கும்” என்று ஆணை வெளியே எடுத்துவிட்டு அவளை உள்ளே விட்டீர்கள். விடிவதற்குள் ஒரு முட்டைகூட மிச்சமில்லை, அவளே தின்றுவிட்டாள். காவல் இருப்பது ஆண்தான். நழுவி விழும் முட்டையை வாயில் கவ்வி மறுபடி கூட்டில் வைப்பான்.

வீட்டுச் சாவி உங்கள் சட்டைப் பையில்.

பி.கு. உங்கள் அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. “அம்மா இல்லாம அவ எப்படித் தூங்குவா?” என்று நேற்றுக் கேட்டீர்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்.

“அப்பா பக்கத்துல இருக்கும்போது அவ ஏன் தூங்க மாட்டா?”