பேச்சு ஏறும் ஹோண்டா

22 ஏப்ரல் 1984, ஞாயிறு

இன்று மொத்தம் நாலரை வார்த்தை பேசினேன். "சீனி ஒரு கிலோ. தீப்பெட்டி ரெண்டு." 'ரெண்டு' பாதியில் இருக்கும்போதே கருவி செத்துவிட்டது. கடைக்காரி என் விரலைப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். பின்னால் யாரோ "வண்டு மண்டோரு" என்று கிசுகிசுத்துச் சிரித்தார்கள். திரும்பி முறைத்தேன். முறைப்பு மட்டும்தான் மிச்சம். ஆள்களை மேய்க்கும் மண்டோராக இருந்த காலத்தில் நான் கனைத்தால் லயத்து வீட்டு நாய்கூடக் குரைப்பை நிறுத்தும்.

தொண்டையில் புற்று என்று கோலாலம்பூரில் குரல்வளையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. கழுத்தில் ஓட்டை. பக்கத்தில் அழுத்திப் பேச, டார்ச் லைட் அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள். பித்தானை அமுக்கினால் வண்டு மாதிரி இரையும். அந்த இரைச்சலை வாயை அசைத்துப் பேச்சாக்க வேண்டும். அதன் பேட்டரி நிறைய ஒரே மூச்சாகப் பதினாலு மணி நேரம் கரண்ட் வேண்டுமாம். இந்தத் தோட்டத்தில் கரண்ட் இஞ்சினை மாலை ஆறரைக்குப் போட்டுப் பத்துக்கு நிறுத்துகிறார்கள். அதில் என்ன ஏறும்? ஒரு கிலோ சீனியும் அரைத் தீப்பெட்டியும்.

24 ஏப்ரல், செவ்வாய்

விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தால் இன்னும் எழுந்துவிடுகிறேன். என் இடத்தில் இப்போது பெயர் கூப்பிடுவது சோமு. பல்வலிக்காரன் முனகுவது போல இருக்கிறது. நான் கூப்பிட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

என்னை உரக் கொட்டாய்க்குக் காவல் போட்டிருக்கிறார்கள். உர மூட்டையை யார் அதட்ட வேண்டும்? சரியான வேலைதான் கொடுத்திருக்கிறார் மேனேஜர்.

26 ஏப்ரல், வியாழன்

வள்ளி நினைப்பாகவே இருக்கிறது.

ஒரே மகள். அம்சவள்ளி. இரண்டு வருஷத்துக்கு முன் பாலனைக் கட்டிக்கொண்டாள். புல்லுவெட்டுக்காரர் மகன், என் பெரட்டில் நான் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய பையன். மண்டோர் மகள் அவனோடு போவதா என்று லயமே வேடிக்கை பார்க்கக் கத்தினேன். "செத்தாலும் ஒன் வீட்டு வாசல்ல கால வைக்க மாட்டேன்! என் மூஞ்சியிலயே முழிக்காத, போ!" அவள் அம்மா இராஜம்மா உயிரோடு இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள்.

என் சொந்தக் குரலில் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அந்தக் குரலையும் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆப்பரேஷன் முடிந்த மறுவாரம் சாப்பாட்டுக் கேரியரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கழுத்தில் ஓட்டையோடு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரை மணி நேரம் நின்றாள். தன் வீட்டுக்குப் பக்கத்துக் கடை ஃபோன் நம்பரைச் சீட்டில் எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கோபம் என்றுதான் நினைத்திருப்பாள். கோபமா? வெட்கம் பிள்ளே, வெட்கம்!

எழுதிப் போடலாம்தான். ஆனால் வாயால் கொட்டியதை வாயால்தான் அள்ள வேண்டும்.

28 ஏப்ரல், சனி

மூன்று நாள் ஒரு வார்த்தை பேசாமல் கரண்டைச் சேர்த்து வைத்தேன். பத்தாங் பெர்ஜுந்தை டவுனில் பொது ஃபோனில் காசைப் போட்டு வள்ளி கொடுத்த நம்பரைச் சுற்றினேன். கடைக்காரர் எடுத்தார். "அம்சவள்ளி" என்றேன். இரண்டு தடவை சொன்ன பிறகு புரிந்துகொண்டு கூப்பிடப் போனார். காத்திருந்தேன்.

"ஹலோ, யாருங்க?"

அவள் குரல்தான்.

"வள்ளி. அப்பா."

"யார்ரா அது? வண்டாட்டம் கத்திக்கிட்டு... வெளையாடுறதுக்கு வேற ஆளே கெடைக்கலையா? வை ஃபோன!"

வைத்துவிட்டாள்.

29 ஏப்ரல், ஞாயிறு

பேசவில்லை. யார் இருக்கா, பேச.

2 மே, புதன்

நேரில்தான் போக வேண்டும். முகத்தைப் பார்த்தால் புரியும். ஆனால் போய்ச் சேரும்போது கருவியில் பேச்சு இருக்க வேண்டுமே. உரக் கொட்டாயில் உட்கார்ந்து என் ஹோண்டா மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளேயும் ஒரு பேட்டரி இருக்கிறதே!

டவுனில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருப்பது வீரன். தோட்டத்தில் இருந்தபோது பெரட்டுக்குப் பிந்தி வந்தான் என்று ஒரே மாதத்தில் நாலு தடவை பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வேறு வழியில்லை, போனேன்.

"என்னா மண்டோரே, இங்கயே வந்துட்டீங்க? பேரு கூப்புடவா?"

நோட்டில் எழுதிக் காட்டினேன். படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒங்க ஹோண்டா ஆறு வோல்ட்டு. இது அதுக்குக் கொஞ்சம் கீழ. செய்யலாம் லா. ஆனா நேரா குடுத்தா இது வெந்துபோயிடும். நடுவுல ஒரு சிக்னல் பல்பு மாட்டுறேன், அதிகமா வர்றத அது குடிச்சுக்கும்."

சீட்டுக்குக் கீழே துளை போட்டு ஒரு பிளக் வைத்தான். சைக்கிள் டியூபை வெட்டி அதற்கு மூடி செய்தான். சாவியைத் திருப்பி உதைத்ததும் பல்பு மங்கலாக எரிந்தது.

"சுவரு பிளக்க விட இதுல வேகமா ஏறும். ஆனா இஞ்சின் ஓடுனாத்தான் ஏறும். நின்னா ஏறாது, ஓட்டிக்கிட்டே இருங்க. பல்பு அவிஞ்சா அப்பவே என்கிட்ட வாங்க. பெரிய மண்டோரு வாய்க்கே பிளக்கு வச்சவன்னு இனிமே நானும் சொல்லிக்கலாம்!"

சிரித்தேன். என் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. கழுத்து வழியாகக் காற்று மட்டும் போகும். அவனுக்குப் புரிந்தது.

6 மே, ஞாயிறு

கருவியைத் துணியில் சுற்றி முன் கூடையில் வைத்து, செம்மண் பாதையில் காலையிலிருந்து ஓட்டினேன். செம்பனை நிரை, வாய்க்கால், மறுபடியும் செம்பனை நிரை. போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. மதியம் வரை ஓட்டியதில் பேட்டரி நிறைந்துவிட்டது. ஒரு மணி நேரப் பேச்சு!

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஒரு மணி நேரப் பேச்சை வைத்துக்கொண்டு யாரிடம் பேச? இராஜம்மா படத்துக்கு முன்னால் நின்று "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது.

12 மே, சனி

சோமுவிடம் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன். நாளைக்கு வள்ளி இருக்கும் சுங்கை சோவுக்கு. நர்ஸிடம் கொடுத்த சீட்டில் வீட்டு நம்பரும் எழுதியிருக்கிறாள். பார்க்கலாம்.

14 மே, திங்கள். சுங்கை சோ, வள்ளி வீடு

முதலில் நேற்று நடந்தது.

குண்டாங் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பஸ் நிற்கும் கொட்டகையில் ஒதுங்கினேன். சும்மா நிற்க முடியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். "வள்ளி, அப்பா சொன்னது தப்பு." சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை. பிறகும் இன்னொரு தடவை. மழை விடும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். தீர்ந்தால் என்ன, ரவாங் போவதற்குள் ஏறிவிடும் என்ற தைரியம். மழைத் தண்ணீர் பிளக்கில் இறங்கிப் பல்பு அப்போதே அவிந்துவிட்டதைக் கவனிக்கவில்லை; அதற்கு மேல் வழியில் ஒன்றும் ஏறவில்லை. கூலிகளை ஒரே வேலையைப் பத்துத் தடவை செய்ய வைத்த மண்டோர் புத்தி, வேறென்ன!

கதவைத் திறந்தது வள்ளி. இளைத்திருந்தாள். கருவியைக் கழுத்தில் வைத்து அமுக்கினேன். "வள்" என்றது. அவ்வளவுதான். மறுபடி அமுக்கினேன். ஒன்றுமில்லை. இவ்வளவு தூரம் வந்து வாசலில் ஊமையாக, நனைந்து, நிற்கிறேன். அவள் என் கழுத்தையே பார்த்தாள்.

பாலன்தான் வெளியே வந்தான். "உள்ள வாங்க மாமா. நனைஞ்சிட்டீங்க." என் கையிலிருந்து கருவியை வாங்கித் துடைத்து, சார்ஜரைக் கேட்டு வாங்கிச் சுவர் பிளக்கில் போட்டான். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்குப் பத்து விரலும் அப்புறம் நாலு விரலும் காட்டினேன்.

"பதினாலு மணி நேரமா?" என்றாள் வள்ளி. "அப்ப இருங்க."

நான்தான் என்று தெரிந்து, இரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் பேச்சு.

இன்று காலை அவள் காப்பி கொண்டுவந்தபோது கருவியை எடுத்தேன். "வள்ளி. அப்பா" என்றேன். காப்பி பாதி தரையில் கொட்டியது.

"அப்பா... அந்த ஃபோனு... அது நீங்களா?"

தலையாட்டினேன்.

"ஐயோ! வண்டுன்னு திட்டி வச்சேனேப்பா! நீங்கன்னு தெரியாதேப்பா!" தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அடிபட வேண்டிய வாய் அது இல்லை.

குண்டாங் கொட்டகையில் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அன்னைக்குக் கத்துனத நான் திருப்பி எடுத்துக்குறேன். ஆஸ்பத்திரியில ஒன்மேல கோவம் இல்ல. வெக்கம்."

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இந்தக் கருவியால் அதட்ட முடியாது. நல்லதுதான்.

17 மே, வியாழன்

லீவு செவ்வாயோடு முடிந்துவிட்டது. தினமும் கிளம்புகிறேன் என்கிறேன். பேட்டரி நிறையாமல் போகக்கூடாது, வழியில் ஏதாவது என்றால் எப்படிப் பேசுவீர்கள் என்று வள்ளி விடமாட்டேன் என்கிறாள். ஹோண்டாவில் பல்பை மாற்றித் தருவதாகப் பாலன் சொன்னான். இன்னும் மாற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் கருவி மட்டும் ஏன் நிறைய மாட்டேன் என்கிறது? தினமும் மாலை ஐந்துக்கே நான்தான் பிளக்கில் போட்டுவிடுகிறேன். காலை ஏழுக்குப் பார்த்தால் குறைவாகத்தான் ஏறியிருக்கிறது. பழையதாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

இன்று பெரட்டு நேரத்துக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்தது. பாயில் படுத்தபடியே பார்த்தேன். வள்ளி சத்தமில்லாமல் வந்தாள். சுவரில் கருவி ஏறும் பிளக்கின் சுவிட்சை அணைத்தாள். நான் தூங்குகிறேனா என்று குனிந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

விடிந்ததும் காப்பியோடு வந்து கேட்டாள். "பேட்டரி நெறஞ்சிருச்சாப்பா?"

இல்லை என்று கையை ஆட்டினேன்.

"அப்ப இன்னிக்கும் இருங்க."

சரி என்றேன். உர மூட்டைகள் எங்கே ஓடிவிடப் போகின்றன.