முன்கதவுச் சாவி என்கிட்டதான் இருக்குது

ஜென்சி அப்பாவுக்கு,

நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்பல. நேத்து சாயங்காலம் வாசல் தரை பாழாகாம இருக்க சீலர்னு ஒரு மேல்பூச்சு அடிச்சேன். இன்னிக்கு பொழுது சாயுற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது. அதான் முன்கதவைப் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போறேன். கொல்லைப் பக்கமா போங்க, வாங்க. நெத்திலிக் குழம்பு சுட வச்சிருக்கேன். கால் வெடிப்பு மருந்து டிவி மேல இருக்குது, போட்டுக்கிட்டு உப்பளத்துக்குப் போங்க.

உங்க அண்ணன் உப்பு மூட்டையோட வந்தா, வாசல்ல அடுக்க வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க. உப்புத் தண்ணி இறங்கினா மேல்பூச்சு பொரிஞ்சு வந்துடும். அழுக்குன்னு ஆசிட்டும் ஊத்தாதீங்க. சோப்புத் தண்ணியே போதும்.

ஈர சிமெண்டுல அச்சு அமுக்கி நானே இந்தத் தரையைப் போட்டப்ப, "சித்தாளுக்கு எதுக்கு அச்சுத் தரை? ஒரு மழைக்குத் தாங்காது"ன்னு சொன்னீங்க. போன ஐப்பசி மழை மொத்தமும் அதுமேலதான் பெஞ்சுது, ஒரு விரிசல் இல்ல. அதைப் பார்த்துட்டுத்தான் ரிசார்ட்டு கட்டுற மேஸ்திரி அச்சு அமுக்குற வேலைக்கே என்னைக் கூப்பிட்டாரு. போகக் கூடாதுன்னு நேத்து கத்தினீங்க. நான் போறேன். இனிமே சிமெண்டு சட்டி தூக்க மாட்டேன்.

ஏழு மணி பஸ்சுல வருவேன்.
ரீத்தா

மறந்துட்டேன். போன மாசம் கோவத்துல தரையில கடப்பாரையால குத்தினீங்களே, அந்தப் பள்ளத்தைக் கலர் சிமெண்டு வச்சு அடைச்சுட்டேன். பார்த்தா தெரியாது. இன்னொரு தடவை குத்தினா அடைக்க மாட்டேன். வர்றவங்க கேட்டா, யார் குத்தினதுன்னு பேரைச் சொல்லிடுவேன்.