நாலு சில்லுக்கும் சந்தனம்

கரம்பொன்,
6.11.1986

அன்புள்ள மருமகன் குலசிங்கத்துக்கு,

மாமி, ஆடு, நான் ஆகிய மூவரும் இந்த வரிசையிலேயே சுகம். உம்முடைய விளையாட்டு ரயிலுக்குத்தான் சுகமில்லை என்று அறிந்தேன். நத்தார்ப் பண்டிகைக்குக் கடைக் கண்ணாடிக்குள் அது ஓடினால்தான் ஜெர்மன் முதலாளி உமது வேலையை நிரந்தரமாக்குவாராமே. பயப்படவேண்டாம். இனி நான் எழுதப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீர் நம்பும்.

எழுவைதீவுக்குப் போன மோட்டர் வள்ளம் நடுக்கடலில் நின்றது. உள்ளே முந்நூறு பேர், பதினேழு மாடு, தாலியோடு ஒரு மாப்பிள்ளை. ஓட்டி சில்வெஸ்ரர், "ஐயாத்துரை அண்ணை, எஞ்சினைக் கழட்டுவமோ?" என்று அழுதார். "பொறும்" என்று கைதட்டினேன். ஒரு திமிங்கிலம் வந்து பின்னால் தள்ளத் தொடங்கியது. அந்த ஓய்வில் யோசித்தேன். விளக்கு மினுங்குகிறது, ஆகவே பற்றரி சாகவில்லை. கரண்ட் இருக்கிறது, போய்ச் சேரவில்லை. வயரைக் கழற்றினால் பற்றரி முனையில் சந்தனம்! சரசுவதி பூசைக்கு யாரோ ஒரு பக்திமான் பூசியிருக்கிறான்.

உமது எஞ்சினும் அப்படித்தான். மற்ற ரயில்கள் அதே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஆகவே தண்டவாளத்திலும் கட்டளை அனுப்பும் பெட்டியிலும் பிழையில்லை. இதன் விளக்கு மினுங்குகிறது, விரலால் தள்ளினால் ஒரு முழம் ஓடுகிறது. ஆகவே வயிற்றுக்குள் இருக்கும் குட்டிக் கணினியும் உயிரோடு இருக்கிறது. முதலாளி சொன்னாரென்று அதைக் கழற்றிவிடாதேயும். கரண்டும் கட்டளையும் தண்டவாளத்தில் உருளும் சில்லு வழியாகத்தானே ஏறவேண்டும்?

பழுது சரசுவதி பூசைக்கு அடுத்த நாள் தொடங்கியது என்று எழுதியிருந்தீர். மறைக்காமல் சொல்லும். பூசையில் அதற்கு என்ன செய்தீர்?

மாமா ஐயாத்துரை


ஸ்ருட்கார்ட்,
29.11.1986

அன்புள்ள மாமாவுக்கு,

வெட்கத்தோடு எழுதுகிறேன். வேலைக்கென்று இங்கே என் கையில் கிடைத்த முதல் ஆயுதம் அந்த எஞ்சின்தான். பூசைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனுசி சறோஜினிதேவி தட்டில் பூ வைத்தாள். நாலு சில்லுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தவன் நான். காய்ந்து கல்லாகியிருந்தது.

ஸ்பிரிற் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுக் கட்டளைப் பெட்டியில் அதன் இலக்கத்தை அழுத்தினேன். ஓடியது மாமா! சுரங்கத்துக்குள் போய் மற்றப் பக்கத்தால் கூவிக்கொண்டு வந்தது. "என்ன பழுது?" என்று முதலாளி கேட்டார். பொட்டு என்றேன். விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது. சிரித்து முடித்து வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

சறோஜினி கேட்கிறாள்: திமிங்கிலம் எந்தப் பக்கத்தால் தள்ளியது?

அன்பு மருமகன்
குலசிங்கம்


கரம்பொன்,
20.12.1986

அன்புள்ள மருமகனுக்கு,

கடிதம் கண்டு மாமி பொங்கல் பொங்கினா. ஆட்டுக்கும் கொடுத்தோம்.

சந்தோஷத்தில் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். சில்வெஸ்ரருக்கும் உமது கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சந்தனம் என்ற இடத்தில் அவர் நிமிர்ந்தார்.

"அண்ணை, அண்டைக்குப் பற்றரியிலை உப்புக்காத்துப் பிடிச்சதெண்டெல்லே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ரண்டு மணித்தியாலம் துடுப்பு வலிச்சது நானெல்லே!"

அதன் பிறகு பிடித்த சிரிப்பில் அவருக்குக் கதிரையில் இருக்க ஏலாமல் போய்விட்டது. 

ஆகவே சறோஜினிக்குச் சொல்லும்: திமிங்கிலம் பொய். முந்நூறு பேரும் மாடுகளும் மாப்பிள்ளையும் பொய். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கோழியும்தான். 

சந்தனம் மட்டும் உண்மை. பூசினவன் நான்தான்.

மாமா ஐயாத்துரை