இடது கால் வழக்கு

6.11.06, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. தெருவில் தண்ணீர். பள்ளிக்கூடம் லீவு. செயற்கைக் காலின் வார் நனைந்து ஒரே நாற்றம். ஃபேனுக்கு அடியில் காயப் போட்டிருக்கிறேன்.

வேலைகள்: மண்ணெண்ணெய். குடைக் கம்பி. வக்கீலுக்கு போன்.

அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். வருகிற வியாழன் செங்கல்பட்டு கோர்ட்.

"சார், போன வாய்தாவுல நீங்க சொன்னது பத்தாது. மாத்திரை ஒழுங்கா போட்டேன்னு யார் வேணா சொல்லலாம். உங்க வீட்டம்மாவ சாட்சியா ஏத்திடுவோம். அவங்கதான தினமும் எடுத்துக் குடுக்குறாங்க?"

"ஆமா சார்."

"அத மட்டும் வந்து சொன்னா போதும்."

இன்சூரன்ஸ் தரப்பின் வாதம் ஒன்றே ஒன்று. இரும்புலியூரில் பஸ்ஸுக்காக நின்றவன் மேல் கார் ஓரம் ஏறி வந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் நசுங்கியது இரண்டு கால் விரல். சர்க்கரை இல்லாத ஆளாக இருந்தால் ஆறியிருக்கும். எனக்கு ஆறவில்லை. அழுகி ஏறி, மூன்றாவது வாரம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆகவே காலை எடுத்தது காரில்லை, சர்க்கரை.

ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"நான் சொல்றேங்க. பத்து வருஷமா என் கையாலதான குடுக்குறேன். எந்த கோர்ட்ல வேணா வந்து சொல்றேன்."

முகத்தில் ஒரு தெளிவு. இந்த இருபது மாதத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்கு வயிறு சரியில்லை என்றேன்.

7.11, செவ்வாய்

மழை விட்டது. பள்ளிக்கூடம் உண்டு. ஸ்டோர் ரூம் கணக்கெடுப்பு. உடைந்த பிப்பெட் 11, பியூரெட் 4. கெமிஸ்ட்ரி லேபில் இருபத்திரண்டு வருஷம் நின்றவனுக்கு இப்போது மூலையில் ஒரு நாற்காலி. பிள்ளைகள் கதவு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ. டிரைவர்: "இன்னா சார், கால எங்க வுட்ட?"

"இரும்புலியூர்ல."

"பேஜாரான எடம் சார் அது. என் மச்சானும் அங்கதான் வுழுந்தான்."

எழுதிவிடுகிறேன். வேறு எங்கேயும் சொல்ல முடியாது.

கார் ஏறியபோது நான் மாத்திரையை நிறுத்தி நாலு மாதம். ஃபிசிக்ஸ் லேப்காரர் ஒரு பொடி கொடுத்தார். கசப்பான கசப்பு. மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும், பொடி போதும் என்றார். நம்பினேன். ஸ்டெல்லாவிடம் சொன்னால் சண்டை. அதனால் தினமும் காலையில் அவள் கையில் வைக்கும் இரண்டையும் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன். தெரு முனைச் சாக்கடையில் துப்பிவிட்டு பஸ் ஏறுவேன். மாத்திரை இல்லாமலே சர்க்கரை இறங்கிவிட்டது, பார் என்று ஒரு நாள் அவளிடம் பெருமையாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஐம்பது வயதுக்காரன் நினைக்கிற நினைப்பு.

போன வாய்தாவில் கூண்டில் ஏறி, ஒழுங்காகப் போட்டேன் என்று நான் சொன்ன பொய் என்னோடு. அவள் சொல்லப்போவது பொய்யென்று அவளுக்கே தெரியாது.

8.11, புதன்

வெயில், புழுக்கம். மண்ணெண்ணெய் வாங்கியாகிவிட்டது. குடை நாளைக்கு.

ஸ்டெல்லா நாளைக்கு உடுத்த சாம்பல் நிறப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எந்த வருஷம் சர்க்கரை கண்டுபிடித்தது, முதலில் அரை மாத்திரை, பிறகு எப்போது ஒன்று, எப்போது இரண்டு... எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அவளுக்கு மாதம் முதற்கொண்டு தெரிகிறது.

"ஸ்டெல்லா."

"ம்."

"நாளைக்கு வரலைன்னாலும் பரவால்ல. வக்கீல்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஏன், நான் உளறிடுவேன்னு பயமா? உள்ளத சொல்றதுக்கு எனக்கென்ன பயம்."

சொல்ல வாய் திறந்தேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில். அது அடங்கிய பிறகும் சொல்லவில்லை.

9.11, வியாழன்

செங்கல்பட்டு. நடந்ததை நடந்தபடி.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் வக்கீல் வயதானவர், மெல்லிய குரல். ஸ்டெல்லாவிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மாத்திரை யாரும்மா குடுப்பாங்க?"

"நான்தான் சார். காலைல ரெண்டு. கையில வச்சு, தண்ணி குடுத்து, முழுங்குற வரைக்கும் நிப்பேன்."

"ஒரு நாள் கூட தவறினதில்ல?"

"ஒரு நாள் கூட இல்ல."

ஒரு காகிதத்தை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த பழைய ஃபைல். இங்கிலீஷில் படித்துவிட்டு தமிழில் நிதானமாகச் சொன்னார். "அடிபட்ட அன்னிக்கே டாக்டர் எழுதினது. நாலு மாசமா மாத்திரை எடுக்கலன்னு நோயாளியே சொன்னார். இதுக்கு என்னம்மா சொல்றீங்க?"

ஞாபகம் வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். ஸ்டெல்லா ஊசி மருந்து வாங்கப் போயிருந்தாள். சின்ன வயது டாக்டர் கேட்டார். வலியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

ஸ்டெல்லா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

"டாக்டர் தப்பா எழுதியிருப்பாரு சார்" என்றாள். அவள் குரல் இல்லை அது.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் என் மேல் பாய்ந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்!" ஸ்டெல்லா மரத்தடியில் துண்டுச் சீட்டை மடித்து மடித்து விரல் நுனி அளவாக்கிக்கொண்டிருந்தாள்.

ரயிலில் எதிர் எதிரே. பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகள் ஏறினார்கள். ஒரே சத்தம், சிரிப்பு. அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்.

"மாத்திரைய என்ன பண்ணீங்க?"

"துப்பிட்டேன்."

"எங்க?"

"தெரு முனைல. சாக்கடைல."

வண்டலூர் தாண்டியது. அப்புறம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே:

"அந்தக் கார்க்காரன இருபது மாசமா சாபம் விட்டுக்கிட்டிருந்தேன். ஜெபத்துல கூட. அவன் புள்ளைங்களையும் சேத்து."

தாம்பரத்தில் இறங்கினோம்.

10.11, வெள்ளி

தூறல். காலையில் வழக்கம்போல மாத்திரை, தண்ணீர். முழுங்கினேன். நகராமல் நின்றாள்.

"வாயத் திறங்க."

திறந்தேன்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன். பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெட்டுப்பட்ட இடத்தில் உராய்வுப் புண். சின்னதுதான். அவளிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே மத்தியானம் வரை ஓட்டினேன். பிறகு சொன்னேன். மருந்து போட்டுக் கட்டினாள். கை அதே பக்குவம்தான். முன்பெல்லாம் கட்டும்போது பேசுவாள்.

3.12, ஞாயிறு

குளிர். கோவிலில் நல்ல கூட்டம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டார்கள்.

மாத முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்தது. ஸ்டெல்லா எழவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் போகாமல் உட்கார்ந்ததில்லை. பக்கத்திலிருந்தவர்கள் அவள் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கால் ஒரு சாக்கு. அவளுக்கு ஒன்றுமில்லை.

வாசலில் யாரோ, "உடம்பு சரியில்லையா அக்கா?"

"இல்லம்மா. சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணி ஒண்ணு சொல்லிட்டேன். அது சரியாகட்டும்."

கேட்டவளுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனாள். எனக்குத் திரும்பி உள்ளே ஓடலாம் போலிருந்தது. ஓட முடிந்தால்.

வீட்டில் மதியம் மீன் குழம்பு. உப்புக் கரிப்பு. இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

22.1.07, திங்கள்

நல்ல வெயில். தீர்ப்பு வந்துவிட்டது. மேற்குத் தாம்பரம், மாடியில் வக்கீல் ஆபீஸ். இரண்டு பேரும் போனோம்.

வக்கீல் படித்துச் சொன்னார். சர்க்கரைக்காரனுக்கும் சாலையோரம் நிற்க உரிமை உண்டு. கார் ஏறாவிட்டால் காயமே இல்லை. ஆகவே முதல் பொறுப்பு கார்தான். ஆனால் மருந்தை விட்டதால் கேடு கூடியது. நஷ்டஈட்டுத் தொகையில் கால் பங்கு கழிவு.

கால் பங்கு என்றதும் எந்தக் கால் என்று ஒரு கணம் விழித்தேன்.

"அப்பீல் போலாம் சார். இந்தக் கழிவ உடைச்சிடலாம். ஃபைல்ல டாக்டர் எழுதினது தப்புன்னு மேடமே சாட்சி சொல்லியிருக்காங்க. அதப் புடிச்சுக்கலாம்." பேப்பரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"வேணாம் சார்" என்றாள் ஸ்டெல்லா. "அந்தக் கால் பங்கு சரிதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன்.

"நான் சொன்னதும் பொய்தான் சார். அவ சொன்னதுக்கும் நான்தான் காரணம்."

அவர் ஃபைலைக் கட்டத் தொடங்கினார்.

குறுகலான மாடிப்படி, பதினாலு. கைப்பிடி இல்லை. ஸ்டெல்லா ஒரு படி கீழே நின்று கை நீட்டினாள். பிடித்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படி இறங்கியதும் கையை எடுத்துக்கொண்டாள்.