வால் தூக்காத பூச்சி

முவைலா, ஷார்ஜா
3.3.2024

அன்பு மகள் ராதிகாவுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம், என் தொப்பையும் சுகம். போனில் பேசினால் ரூமே காது கொடுக்கிறது. அதனால் லீவில் வரும் வேலுச்சாமியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கத்துக் கட்டில் முகம்மது ரிபாய்க்குக் கழுத்தில் சூடு இழுத்த மாதிரி கொப்புளம். ஒட்டுவாரொட்டி என்று எட்டாம் வகுப்பு டாக்டரான நான் கண்டுபிடித்து, ரூமில் எல்லாரிடமும் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கி, எங்கள் தங்குமிடத்தைக் கவனிக்கும் கேம்ப் பாஸிடம் கொடுத்தேன். அவனை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

நீ வேளாண்மை படிக்கிறவள், சொல். எங்கள் நர்சரி எருவில் ஒரு கறுப்புப் பூச்சி தேள் மாதிரி வாலைத் தூக்குகிறது. கண்டால் மிதித்துவிடுகிறேன். ரூம் ட்யூப்லைட்டுக்கு வருவது சிவப்பும் கறுப்புமாய் எறும்பளவு. அது பாவம், சும்மா ஊர்ந்துபோகும்.

அப்பா பழனிச்சாமி

கோவை
19.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டும் ஒரே குடும்பம்தான். இரண்டுக்கும் இறக்கை மூடி குட்டைச் சட்டை மாதிரி, வயிறு வெளியே தெரியும். கறுப்புப் பூச்சி வாலைத் தூக்கி மிரட்டும், அவ்வளவுதான், கொடுக்கே கிடையாது. எருவில் புழுக்களைத் தின்னும் நல்ல ஜீவன். சின்னது கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் நசுங்கினால் அதன் சாறு பட்டு, ஓரிரு நாளில் கோடாகக் கொப்புளிக்கும். மேலே உட்கார்ந்தால் அடிக்காதீங்க, ஊதிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்க.

ரிபாய் மாமாவுக்கு வந்தது வியாதி இல்லை அப்பா. யாருக்கும் ஒட்டாது. அந்த ஸ்டோர் ரூமில் ஜன்னல் இருக்கிறதா?

ராதிகா

முவைலா
7.4.2024

ராதிகாம்மா,

ஜன்னல் இல்லை. நீ கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, நோன்பு பிடித்த வயிற்றோடு படுத்திருந்தான்.

"பூச்சி செஞ்ச வேலை ரிபாய், எனக்குத் தெரியலப்பா" என்றேன்.

"பூச்சி பாவம்ணே, அதுக்குக் கையெழுத்து வாங்கத் தெரியாது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எதற்கும் சிரிக்கிற உன் அப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் எழுதிக் கொடுத்தது தப்பு என்று கேம்ப் பாஸிடம் புதிதாக எழுதிக் கொடுத்தேன். மற்றவர்கள், "உங்க பொண்ணு டாக்டராண்ணே?" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். என் ஒற்றைக் கையெழுத்துதான். அவன் திரும்பி வரலாம் என்று கேம்ப் பாஸ் சொல்லிவிட்டார். கூப்பிடப் போனேன்.

"இங்க யாரும் என்னைவிட்டுத் தள்ளிப் படுக்கிறதில்லைண்ணே" என்றான். வரவில்லை.

இதை அம்மாவிடம் சொல்லாதே என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார். நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் என் பக்கம் கொஞ்சம் சாய்த்துச் சொல்லிவிடுவேன்.

அப்பா